ஊசியை வைத்துவிட்டு வடிவம் தேடுதல்: ஒட்டுத்துணிப் போர்வை தைப்போருக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் ஒட்டுத்துணி வேலை செய்பவர்களுக்குத் துணிப் பஞ்சம் வருவதில்லை. அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறிச்சத்தம் இன்னும் கேட்கிறது. இளம்பிள்ளைச் சேலைகளின் வெட்டுத்துண்டுகள் கிலோ கணக்கில் கிடைக்கின்றன. தையற்கடைகளில் ரவிக்கைத் துணியின் மிச்சங்கள் மூட்டையாகக் கிடக்கின்றன. பஞ்சம் வருவது வடிவத்துக்குத்தான். மேசை நிறையத் துண்டுகளைப் பரப்பி, நூலைக் கோத்து, எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் ஒரு மாலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்த அனுபவம் இந்த வேலையில் இறங்கிய எல்லோருக்கும் உண்டு. அந்த மாலைப்பொழுதுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். குயில்ட் என்று இப்போது சொல்லப்படும் போர்வை மூன்று அடுக்குகளைக் கொண்டது: துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சுத் தகடோ பழம்புடவையோ, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் ஓடுதையல்தான் அவற்றை ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் நூல்புடவைகளை மடித்து வைத்துத் தைத்துத் தரும் மெத்தையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகவே இது நமக்கு அந்நியமான கலை அன்று. மேல்துணியில் எதை வரைவது, தையல் கோடு எந்த வழியாகப் போவது என்ற இரண்டு கேள்விகள் மட்டுமே புதிதாகச் சேர்கின்றன.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடும்போது துணியையே பார்த்துக்கொண்டிருப்பது பயன் தருவதில்லை என்பதைப் பல ஆண்டுகளாகத் தைத்துக் கண்டிருக்கிறேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் வேறொரு கைவேலையில் ஈடுபட்டு, அதிலிருந்து ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டு துணிக்குத் திரும்ப வேண்டும். விதி என்று நான் சொல்வது ஓர் அளவாக இருக்கலாம், ஓர் இடைவெளியாக இருக்கலாம், கோட்டின் போக்காகவோ வெளிச்சமும் நிழலும் அமைந்த முறையாகவோ இருக்கலாம். மயிலை வரைந்து பழகியவர் அந்த மயிலையே துணியில் வெட்டி ஒட்டினால், காகிதத்தில் உயிரோடு இருந்த பறவை துணியில் விறைத்துப்போகும். ஆனால் மயில் கழுத்தின் இறகுகள் ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசை வந்து அமரும் முறையைக் கவனித்து, அந்த அடுக்குமுறையை மட்டும் துண்டுகளுக்குக் கொடுத்தால், மயிலே இல்லாத போர்வையிலும் அதன் அழகு வந்து சேரும். உருவம் ஊடகம் மாறினால் மெலிந்துவிடுகிறது, விதி மெலிவதில்லை.

கோலத்திலிருந்து தையல் கோடு

தொடங்குவதற்குக் கோலத்தைவிட நல்ல இடம் இல்லை, ஏனெனில் அது முழுக்க முழுக்க விதியால் ஆனது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமனி 1970-களில் ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் இணைந்து, கோல வடிவங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார். நம் வீட்டு வாசலில் அன்றாடம் நடக்கும் வேலைக்குள் அத்தனை ஒழுங்கு இருக்கிறது. புள்ளியைத் தொடாமல், ஒரு புள்ளியையும் விட்டுவிடாமல், ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு போகும் சிக்குக் கோலத்தின் கோடு, மூன்று அடுக்குகளைப் பிடித்து வைக்க வேண்டிய தையல் கோட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. கோடு எங்கும் பரவலாகச் செல்வதால் பஞ்சு ஓரிடத்தில் சுருண்டு திரள வாய்ப்பில்லை.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 12 அங்குலச் சதுரத்தில் மூன்று அடுக்குகளையும் வைத்து, தற்காலிகமாக நீளத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை அங்குல இடைவெளியில் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை புள்ளி வையுங்கள். கோட்டைத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியை மேலிருந்து கீழே இறக்கி, சற்றுத் தள்ளி மேலே எடுத்து, இரட்டை முடிச்சுப் போடுங்கள். இந்த முடிச்சுகளே அடுக்குகளை நகராமல் பிடித்துக்கொள்ளும். வாசலில் புள்ளி செய்யும் வேலையைத் துணியில் முடிச்சு செய்கிறது. அதன்பின் பழுப்புத் தாளில் அதே அளவில் கோலத்தை வரைந்து, கோட்டின் மேல் நெருக்கமாக ஊசியால் துளையிட்டு, தாளைத் துணிமேல் வைத்து, மெல்லிய துணியில் முடிந்த கோலப்பொடியால் தட்டினால் கோடு துணியில் இறங்கிவிடும். கல்பொடிக் கோலமாவையே பயன்படுத்துங்கள்; அரிசிமாவு துணியில் தங்கினால் எறும்பு வரும். வெள்ளைத் துணியாக இருந்தால் செம்மண் நிறப் பொடி தேவைப்படும். அது கறையாகத் தங்குகிறதா என்று ஓரத்துண்டில் முதலில் தட்டிப் பாருங்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நேர்ப்புள்ளி வைத்த சிக்குக் கோலத்தில் கோடுகள் பெரும்பாலும் சாய்வாகவே ஓடும். புள்ளி வரிசையைத் துணியின் பாவு நூலுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, இணையாக வைத்துவிட்டால், தையல் முழுவதும் துணியின் சாய்வு வாக்கில் விழும். சாய்வு வாக்கில் துணி இழுபடும். நூலைச் சற்று இறுக்கினாலும் சுருக்கம் விழுந்துவிடும். புள்ளிச் சதுரத்தையே 45 பாகை திருப்பி வைத்தால், கோடுகள் பாவுக்கும், குறுக்கே ஓடும் ஊடைக்கும் இணையாக ஓடும், தையலும் தட்டையாக அமரும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று சதுரங்கள் வீணாயின.

தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் ஒற்றைக் கோட்டுக் கோலமா, தனித்தனி வளையங்கள் பின்னிய கோலமா என்பதைத் தைப்பதற்கு முன் விரலால் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஒற்றைக் கோடாக இருந்தால் இயந்திரத்தில் நூலை அறுக்காமல் ஒரே மூச்சில் தைக்கலாம். கையால் தைப்பவருக்கு 18 அங்குல நூல்தான் வசதி என்பதால் எப்படியும் இடையில் நூல் மாற்ற வேண்டியிருக்கும். அப்போது நூல் முனையைப் பஞ்சுக்குள் செலுத்தி, பக்கத்துப் புள்ளி முடிச்சின் அடியில் மறைத்துவிடுங்கள்.

தறிக்காரரின் கட்டத்தாள்

பட்டு நெசவில் புட்டாவும் கரை வேலைப்பாடும் முதலில் கட்டத்தாளில்தான் பிறக்கின்றன. ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவு நூல் மேலே எழுகிறதா, கீழே நிற்கிறதா என்பதைச் சொல்கிறது. அதைப் பார்த்து அட்டையில் துளை குத்தி, தறியில் பாவு நூல்களைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏற்றுகிறார்கள். அந்தக் கட்டத்தாளை ஒருமுறை நேரில் பார்த்தவருக்கு, ஒட்டுத்துணிப் போர்வையின் வரைபடம் அதுவேதான் என்பது உடனே புலப்படும். ஒரு கட்டத்துக்கு ஒரு துண்டு. 12-க்கு 12 கட்டத்தில் ஒரு மாங்காய்ப் புட்டாவை நிரப்பி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டரை அங்குலச் சதுரம் வெட்டி, கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால், 144 துண்டுகளில் 24 அங்குலச் சதுரம் கிடைக்கும். சேலையில் கட்டைவிரல் அளவில் இருந்த மாங்காய் இங்கே மடியை நிறைக்கும். அதன் வளைவு படிக்கட்டுகளாக உடைந்து தெரியும். அந்தப் படிக்கட்டுதான் இதன் அழகு என்பது என் கருத்து. அதை மழுப்ப முக்கோணத் துண்டுகளைச் சேர்க்காதீர்கள்.

ஆனால் நெசவுக்கான தாளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஓர் அங்குலத்தில் வரும் பாவு நூல்களின் எண்ணிக்கையும் ஊடை நூல்களின் எண்ணிக்கையும் பெரும்பாலும் வேறாக இருப்பதால், நெசவுக் கட்டங்கள் எல்லா நேரமும் சமசதுரமாக இருப்பதில்லை. நம் துண்டுகள் சமசதுரம். எனவே அப்படியே தைத்தால் மாங்காய் குட்டையாகவோ நெட்டையாகவோ மாறிவிடும். சமகட்டத் தாளில் ஒருமுறை திருத்தி வரைந்துகொள்வது நல்லது. தறி வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, “கட்டத்த எண்ணாதீங்கம்மா, கட்டத்துக்கு நடுவுல உள்ள காலி இடத்த எண்ணுங்க” என்றார். அன்றிலிருந்து பூவைவிடப் பூக்களுக்கு இடையிலான வெற்றிடத்தையே நான் முதலில் வரைகிறேன்.

வெற்றிடம் என்றதும் சேலம் வெண்பட்டு வேட்டியையும் சொல்ல வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற அந்த வேட்டியின் வனப்பு எங்கே இருக்கிறது? பரந்த வெண்மையும் அதன் விளிம்பில் ஒடுங்கிய கரையும்தான். நிறைய நிறங்கள் கையில் இருக்கும்போது எல்லாவற்றையும் போட்டுவிடத் துடிக்கும் தொடக்கநிலையாளருக்கு அந்த விகிதம் ஒரு நல்ல பாடம்: துணியின் பத்தில் ஒன்பது பங்கை ஒரே நிறத்தில் அமைதியாக விட்டுவிட்டு, மிஞ்சிய ஒரு பங்கில் மட்டும் வேலைப்பாட்டைக் குவித்து ஒரு சதுரம் தைத்துப் பாருங்கள்.

மலைப்பாதையில் ஒரு நிழற்படம்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பனி விலகாத காலையில், பாதியிலேயே வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தும் இடம் பார்த்து நின்று, கீழே பாருங்கள். அருகிலுள்ள சரிவு கரும்பச்சையாகவும், அடுத்தது நீலம் கலந்தும், அதற்கடுத்தது சாம்பலாகவும், கடைசி மலை வானத்தோடு கரைந்தும் தெரியும். கைப்பேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். இப்போது நிறம் போய்விட்டது. அடர்த்தி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் ஐந்து அடர்த்திகளைப் பொறுக்கி, கருமையிலிருந்து வெண்மை வரை ஐந்து பட்டைகளாக நோட்டில் பென்சிலால் தீட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து, துணித்துண்டுகளை அந்த ஐந்து பட்டைகளுக்கு ஏற்ப அடுக்கி, அவற்றையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் எதிரெதிராக நிற்கும். ஆனால் கண்ணுக்குப் பகையாகத் தெரிந்த அரக்கும் இலைப்பச்சையும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். போர்வையைத் தள்ளி நின்று பார்க்கும்போது வடிவம் கலங்கித் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நிறத்தில் எவ்வளவு துணிச்சலும் காட்டலாம், அடர்த்தி சரியாக இருந்தால். ஐந்து பட்டைகளை வைத்துக்கொண்டு, பச்சையே இல்லாமல் ரோஜா நிறங்களிலும் சேர்வராயன் மலையைத் தைத்துவிட முடியும்.

இதற்கு எதிரான பயிற்சி ஒன்றும் உண்டு. ஆத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் ஜவ்வரிசி ஆலைகளின் காயவைக்கும் களங்களைப் பார்த்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் வெள்ளை. அருகில் போனால் ஈரமான பகுதி சற்று மங்கலாகவும், காய்ந்தது பளீரென்றும், கிளறிவிட்ட வரிகள் நிழல் கோடுகளாகவும் தெரியும். செய்தித்தாளின் ஓரம், உறைத்தாள், வெண்தாள், மெழுகுத்தாள் எனப் பலவகை வெள்ளைத் தாள்களைக் கையாலேயே கிழித்து ஒட்டி அந்தக் களத்தை ஒரு படமாக்குங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், கிழிந்த விளிம்பு தரும் மென்மைதான் நமக்குத் தேவை. பிறகு அதே படத்தை மல், காடா, வேட்டித்துணி, பட்டு என்று வெவ்வேறு வெள்ளைத் துணிகளில் செய்யலாம்.

வெள்ளையோடு வேறு நிறத்தைச் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை. இந்தக் களத்தை நான் தைத்தபோது, விளிம்புக்கு வைத்த ஒரு சிவப்புக் கரைத்துண்டைக் கடைக்காரர் சாயம் போகாது என்று சொன்னதை நம்பி நனைக்காமலே வைத்துவிட்டேன். முதல் அலசலிலேயே ஆறு வாரத்து வெண்மை முழுவதும் வெளிர்சிவப்பாகிவிட்டது. அதை இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது. எந்த அடர்நிறத் துண்டானாலும் வெந்நீரில் நனைத்து, ஒரு வெள்ளைத் துணியோடு சேர்த்து அழுத்திப் பிழிந்து, வெள்ளையில் நிறம் ஏறவில்லை என்று கண்ட பிறகே சேருங்கள்.

தாளத்தின் அளவு

நிறத்தில் மனம் ஓடாத நாளில் பட்டைகளுக்குத் தாளத்தைக் கேளுங்கள். கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளம் ஏழு எண்ணிக்கை. அதை 3, 2, 2 என்று பிரித்துத் தட்டலாம். ஓர் எண்ணிக்கைக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால் பட்டைகளின் அகலம் ஒன்றரை, ஒன்று, ஒன்று. தையலுக்கு அரை அங்குலம் கூட்டி இரண்டு, ஒன்றரை, ஒன்றரை என்று வெட்ட வேண்டும். ஒரு சுற்று மூன்றரை அங்குலம், பத்துச் சுற்று 35 அங்குலம். ஒரு தொட்டில் போர்வைக்கு அந்த அகலம் போதும். முதல் பட்டைக்கு அடர்நிறமும் மற்ற இரண்டுக்கு இளநிறமும் வைத்தால், கண் அந்தத் துணியின் மேல் தட்டிக்கொண்டே போகும். கண்ட சாபுவின் 2, 3 இதைவிட நெருக்கமான நடை தரும்.

தைக்கும் வரிசையையே விதியாக வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், கவந்தி என்னும் போர்வையை ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கி வருகிறார்கள். முன்கூட்டி வரைந்த படம் கிடையாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரின் பெண்கள் தேய்ந்த வேலை உடுப்புகளிலிருந்து தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. அவற்றிலும் கிடைத்த துண்டின் நீளமே அடுத்த துண்டின் இடத்தைத் தீர்மானிப்பதைக் காணலாம். ஒரு நாள் வரைபடம் இல்லாமல், “ஓரத்திலிருந்து உள்ளே” என்ற ஒற்றை விதியோடு தைத்துப் பாருங்கள்.

காப்பி இலையும் இரும்புத் தண்ணீரும்

ஏற்காட்டில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். இன்று அந்தத் தோட்டங்களின் நிழலில் சில்வர் ஓக் மரங்களும் அவற்றின்மேல் ஏறிய மிளகுக் கொடிகளும் நிற்கின்றன. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கவாத்து செய்து போட்ட கிளைகளிலிருந்து சில இலைகளை எடுத்து வாருங்கள்.

கஞ்சி போக நன்றாக அலசிய பருத்தித் துணியை, ஒரு லிட்டர் நீரில் மூன்று மேசைக்கரண்டி கடுக்காய்ப் பொடி கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, அலசாமல் நிழலில் காயப்போடுங்கள். துணி இளமஞ்சளாகும். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் பத்து நாள் ஊறவைத்து வடித்துக்கொண்டால் இரும்புத் தண்ணீர் ஆயத்தம். இலையின் அடிப்பக்கத்தில்தான் நரம்பு எழும்பி நிற்கும். அந்தப் பக்கத்தில் இரும்புத் தண்ணீரை மெல்லப் பூசி, மிகையை ஒற்றி எடுத்து, துணிமேல் கவிழ்த்து, செய்தித்தாள் வைத்து உருளையால் ஒருமுறை மட்டும் உருட்டுங்கள். இலையை எடுத்ததும், வெளுத்துத் தெரிந்த நரம்புகள் கண்ணெதிரிலேயே சாம்பலாகி, பிறகு கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும் என்ற இந்த அறிவுதான் கலம்காரித் துணியின் கறுப்புக் கோட்டுக்கும் அடிப்படை. இரும்பு மிகுந்தால் பருத்தி நாளடைவில் மட்கும் என்பதால், இரும்புத் தண்ணீரில் வெறும் நீரைக் கலந்து, நீர்க்கச் செய்தே பயன்படுத்துங்கள்; காய்ந்த பின் பலமுறை அலசுங்கள். இதற்கு எடுத்த பாத்திரமும் உருளையும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

பதித்த துணியை வெட்டித் தைப்பது ஒரு வழி. ஆனால் பதிக்கும்போது கையில் பிடித்திருந்த கிளையை உற்றுப் பார்த்தால், அதைவிட நல்லதொன்று கிடைக்கும். காப்பிக் கிளையில் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைகின்றன. மிளகுக் கொடியில் கணுவுக்கு ஓர் இலையாக இடமும் வலமும் மாறி மாறி வருகின்றன. போர்வையின் ஒரு கரைக்குக் காப்பியின் முறையையும் எதிர்க்கரைக்கு மிளகின் முறையையும் கொடுத்தேன். துண்டுகள் எல்லாம் வெறும் நீள்சதுரங்கள்தாம், ஆயினும் ஒரு கரை நிமிர்ந்து நிற்கிறது, இன்னொன்று ஏறிப் போகிறது.

கொலுசிலிருந்தும் கரை எடுக்கலாம். செவ்வாய்ப்பேட்டையில் செய்யும் வெள்ளிக் கொலுசு ஒன்றைத் தட்டையாக வைத்து, மெல்லிய தாளை மேலே போட்டு, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், கண்ணிகளின் வரிசை அப்படியே தாளில் எழும்பும். அதில் திரும்பத் திரும்ப வரும் அலகு எது, எத்தனைக்கு ஒருமுறை சலங்கை தொங்குகிறது என்பதை மட்டும் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

நோட்டும் மாதிரிச் சதுரமும்

ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன செய்தேன், எந்த விதியை எடுத்தேன், எந்தத் துணியில் வைத்தேன் என்று மூன்று வரி எழுதுங்கள். இரண்டாவது வரியை ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால், உருவத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள், விதி இன்னும் கைக்கு வரவில்லை என்று பொருள்; அந்தக் கைவேலைக்கே இன்னொரு மணி நேரம் கொடுங்கள். எடுத்த எடுப்பில் பெரிய போர்வையில் இறங்காமல், தைத்து முடிந்தபின் 12 அங்குலம் வரும்படி பன்னிரண்டரை அங்குலத்தில் ஒரு மாதிரி செய்யுங்கள். கைத்தறித் துணியின் வெட்டு விளிம்பில் நூல் பிரியும் என்பதால், அதற்கு மட்டும் தையலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் விட்டு 13 அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

மாதிரியைச் சுவரில் மாட்டி, இரண்டு மூன்று நாள் போகும்போதும் வரும்போதும் பாருங்கள். கண் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இடறினால் அந்த இடத்தைப் பிரித்துத் தையுங்கள். ஒத்துவராத மாதிரிகளையும் எறிய வேண்டாம். ஒன்பது சதுரங்கள் சேர்ந்ததும், மூன்றுக்கு மூன்றாக இணைத்து, பின்பக்கம் தையல் தெரியும் இடங்களில் ஒன்றரை அங்குல நாடாவை மடித்து வைத்து மூடுங்கள். 36 அங்குலத்தில் ஒரு குழந்தைக்குப் போர்வை ஆகிவிடும்.